நீலம் பாரித்த பாட்டில்கள்

பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வீடு வந்து சேரும்வரை தியா வலது கையை மூடியே வைத்திருந்தாள். ஆட்டோவில் கெஞ்சினேன், மிரட்டினேன், திறக்கவில்லை. மந்தைவெளி வீட்டுக் குளியலறையில் நிற்கவைத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் அந்த வாசனை வந்தது. கறுப்புச் சேற்றின் வாசனை. அழுகின முட்டையும் ஊறிப்போன கயிறும் சேர்ந்த மாதிரி. உனக்கு அது நாற்றமாகப் பட்டதே இல்லை. "மண்ணு ஏப்பம் விடுது டி," என்பாய். நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வேன்.

உள்ளங்கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாய். காய்ந்த தோல் மாதிரி இருந்தது. மேல்முனையில் கிளிஞ்சல் துண்டுகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒட்டியிருந்தன. நடுவில் பச்சை நைலான் நூல் ஒன்று, ஒரு மீன் செதில்.

"கீழ போடு கண்ணு, அதுல கிருமி இருக்கும்."

"இது புழு சித்தி வீடு," என்றாள் தியா. "சித்தி வந்தா குடுக்கணும்."

"சித்தி சாமிகிட்ட போயிட்டாங்கன்னு சொன்னேன்ல?"

"நாமகூடத்தான் சனிக்கிழம சாமிகிட்ட போறோம். வந்துடறோம்ல?"

கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய் வீடு திரும்புகிற மாதிரி நீயும் திரும்பிவிடுவாய் என்று மூன்றரை வயதுக்காரி கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அவள் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். குழாயைத் தூக்கிப் போட விடவில்லை. எவர்சில்வர் டம்ளரில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். நீ செத்து ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் என் மகளின் மூடின கைக்குள் இருப்பது நீதான்.

உனக்கு எழுத நான் ரொம்பத் தாமதித்துவிட்டேன். நம் எம்.எஸ்ஸி. வாட்ஸப் குழுவில் எல்லோரும் அந்த வாரமே எழுதிவிட்டார்கள். பொறுமைசாலி, சிரித்த முகம், யாரையும் புண்படுத்தத் தெரியாதவள். நான் இரண்டு கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டேன். அதற்குமேல் எழுதினால் உண்மையை எழுத வேண்டியிருக்கும். உண்மை என்னவென்றால், எனக்கு உன்மேல் பொறாமை. நீ போன பிறகு அது குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. இப்போது தியா தூங்குகிற மத்தியான நேரத்தில், மூச்சு வருகிறதா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எழுத வைத்தது அந்தக் குழாயும், அதற்கு மறுநாள் வந்த ஒரு போனும்.

போனில் பேசியவள் ஷாலினி. உன் ஜூனியர், உன் மேஜையில் இப்போது உட்கார்ந்திருக்கிறவள். விலங்கியல் துறையைப் புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம், அலமாரிகளை ஒழிக்கிறார்களாம். "அக்கா, கடைசித் தட்டுல புழு போட்டு வெச்ச மூணு பாட்டில் இருக்கு. அக்காவோட கலெக்‌ஷன்தான். உள்ள இருக்கற சீட்டு வெள்ளையா இருக்கு. எடம் தெரியாத பாட்டில எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள கொட்டிடச் சொல்லிட்டார் சார். ஃபீல்டு நோட்ல உங்க கையெழுத்தும் இருக்கே, அதான் உங்களக் கேட்டா தெரியுமோன்னு."

எனக்குத் தெரியும். அந்த மூன்று சீட்டும் ஏன் வெள்ளையாக இருக்கின்றன என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பொறாமை அங்கேதான் தொடங்கியது. எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, ப்ராஜெக்டுக்காக அடையாற்று முகத்துவாரத்தில் விடியற்காலை நீர் இறங்கும் நேரமாகப் பார்த்துப் போவோம். முதல் நாள் நாம் பட்ட பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தேசம்மா அக்கா. ஊரூர் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் தூண்டில் போடுவதற்குப் புழு தோண்ட வருவாள், அப்புறம் மீன்கூடையோடு போவாள். நான் ஒரு புழுவின் தலையைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா, கயிறு இழுக்கற போட்டியா?" என்றாள் அக்கா. "இழுக்காத. அது பாதி ஒடம்ப உன் கைல குட்த்துட்டு மீதியோட போய்க்கினே இருக்கும். பக்கத்துல குத்து. ஒரு சாண் தள்ளிக் குத்தி மண்ணோட சாய்ச்சி எடு. உன் நெழலு அது மேல உழக் கூடாது, தெரிஞ்சிக்கினு ஆழத்துக்குப் பூடும்."

சொல்லி வாய் மூடவில்லை, என் கையில் பாதிப் புழு அறுந்து வந்தது. நீ எழுந்து சூரியனுக்கு முகம் காட்டி உட்கார்ந்தாய், நிழல் பின்னால் விழுகிற மாதிரி. ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தைக் குத்தினாய். மண்ணைச் சாய்த்தாய். முழங்கை நீளத்துக்கு ஒரு புழு, இரண்டு பக்கமும் சிவப்புச் செவுள்கள் சிலிர்த்துக்கொண்டு, ஒரு கண்ணி குறையாமல் உன் தட்டில் வந்து படுத்தது. முதல் முயற்சியிலேயே. அதற்கு அப்புறம் எத்தனையோ விடியற்காலைகள் போனோம். நான் பத்துக்கு ஏழு பாதியாகத்தான் எடுத்தேன்.

"கவலப்படாத டி, மண்ணுல இருக்கற பாதிக்கு மறுபடி வளரும்," என்று தேற்றுவாய். "உன் கைல இருக்கற பாதிதான் வேஸ்ட்."

தேசம்மா அக்கா உனக்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள், புழுப் பொண்ணு என்று. குப்பத்துச் சந்துக்குள் நுழைந்தாலே, "புழுப் பொண்ணு, டீ குட்ச்சிட்டுப் போ," என்று குரல் வரும். எனக்கும் பெயர் உண்டு. கூட வர்ற பொண்ணு. கடைசிவரை அதுதான். என் பெயர் என்னவென்று அவள் கேட்டதே இல்லை, நீயும் சொன்னதே இல்லை.

நீ காட்டித்தான் நான் அந்தச் சேற்றைப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்கறிக் கத்தியால் சேற்றைக் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டிப் பிளந்து காட்டுவாய். அத்தனையும் தார் மாதிரிக் கறுப்பு, காற்றே போகாத மண். நடுவில் புழுவின் குழாய் இறங்குகிற வழியைச் சுற்றி மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பழுப்பு நிறம். புழு உடம்பை அலை அலையாக அசைத்து மேலே இருக்கிற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது, அதனோடு வரும் பிராணவாயு பட்ட இடத்தில் மண் நிறம் மாறிவிடுகிறது என்று விளக்குவாய். "தனக்காகத்தான் மூச்சு விடுது. பக்கத்துல இருக்கற மண்ணுக்கும் கெடைக்குது, பாரு," என்பாய். இன்னொரு நாள், புழு மண்ணைத் தோண்டுவதே இல்லை என்றாய். தொண்டையை முன்னால் துருத்தி மண்ணில் ஒரு விரிசல் விடுமாம், அப்புறம் அந்த விரிசலுக்குள் நுழைந்து அதையே நீட்டிக்கொண்டு போகுமாம். அதைக் கேட்டபோது என்னைப் பற்றிச் சொல்கிறாயோ என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ புழுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்தக் காலத்தில் எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, என் கண். உடைந்த பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்த காலை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு தட்டிலும் கிடந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இங்க பாரேன், குப்பத்துப் புழு வல நூலையும் செதிலையும் ஒட்டிக்கிது. பாலத்துப் புழுவுக்குக் கிளிஞ்சல்தான். வீட்டப் பாத்தே எந்த ஏரியாக்காரின்னு சொல்லிடலாம் போல."

விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ இட்லியைக் கீழே வைத்துவிட்டாய். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, பொட்டலத் தாளிலேயே எழுத ஆரம்பித்தாய். அது உன் ஆய்வின் மூன்றாம் அத்தியாயமாக வளர்ந்தது. புழு தன் குழாய்க்குக் கூரை போட எதை எடுக்கிறது, கிடைப்பதையெல்லாம் எடுக்கிறதா, தேர்ந்து எடுக்கிறதா. அதற்கு முன் யாரும் குழாயைப் பத்திரப்படுத்தியதில்லை. உரித்துப் போட்டுவிட்டுப் புழுவை மட்டும் வைப்பார்கள். நீ சாரிடம் சண்டை போட்டுக் குழாயையும் சேர்த்து ஸ்பிரிட்டில் போட்டு வைத்தாய்.

உன் முதல் செமினாரில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "இத முதல்ல கவனிச்சது என் ஃப்ரெண்டு," என்று கை காட்டினாய். எழுந்து நிற்கச் சொன்னாய். நான் நின்றேன். கையில் என் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது, துறையில் எல்லோருக்கும் கொடுக்கத்தான் வந்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ திருடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ நன்றி சொன்னாய்.

பி.எச்டி. நுழைவுத்தேர்வில் நாம் இரண்டு பேருமே தேறினோம். நீ சேர்ந்தாய், எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "படிப்பு எங்க போகுது, அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அப்பா, நானும் தலையாட்டினேன். அவரும் நல்ல மாதிரி, என் கணவரைச் சொல்கிறேன், இன்றைக்கும் என்னைக் குறை சொன்னவர் இல்லை. கோபப்பட யாருமே அகப்படவில்லை. நீதான் பக்கத்தில் இருந்தாய்.

இனி அந்த நாள். ஏழாம் மாதம் எனக்கு. ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிற வழியில் உன்னைப் பார்க்கலாம் என்று கல்லூரிக்கு வந்தேன். முந்தைய வாரமெல்லாம் சேகரித்த புழுக்களை ஃபார்மலினிலிருந்து கழுவி ஸ்பிரிட்டுக்கு மாற்றுகிற வேலை உனக்கு. நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் கையுறையோடு ஓடி வந்து வழி மறித்தாய்.

"உள்ள வராத டி. இந்த வாசன பாப்பாவுக்கு ஆகாது."

"ஒரு ஓரமா நிக்கறேனே."

"வேணாம்னா வேணாம். வராண்டால உக்காரு. வேணும்னா சீட்டு எழுதிக் குடு, உன் கையெழுத்துதான் அழகு."

அக்கறைதான். எனக்கு அது எப்படி விழுந்தது தெரியுமா? ஒரு காலத்தில் உன் பக்கத்து மேஜைக்காரி, இன்றைக்கு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள். உள்ளேயிருந்து நீயும் ஜூனியர்களும் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு சீட்டு. இடம், தேதி, சேகரித்தவர். ஒன்பதாவதை முடிக்கும்போது பென்சில் முனை ஒடிந்தது. துருவி உள்ளே இருந்தது. குரல் கொடுத்திருந்தால் யாராவது கொண்டுவந்து தந்திருப்பார்கள். என் கைப்பையில், ஸ்கேன் ஃபைலில் செருகி, ஒரு நீல ஜெல் பேனா இருந்தது.

பாட்டிலுக்குள் போடுகிற சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். விலங்கியல் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. எனக்குத் தெரியும். கடைசி மூன்று சீட்டையும் அந்தப் பேனாவால் எழுதினேன். அழகாக, கொம்பும் சுழியும் சரியாக விழ எழுதினேன். சுருட்டி மற்றவற்றோடு சேர்த்து ஜன்னல் வழியாக நீட்டினேன். நீ பிரித்துப் பார்க்காமல் பாட்டில்களில் போட்டாய். என் கையெழுத்தை நீ என்றைக்குச் சரிபார்த்திருக்கிறாய்?

களைப்பில் மறந்துவிட்டேனா, மறந்ததுபோல் இருக்க அனுமதித்தேனா என்று நாலு வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். அந்த நிமிஷம் கை நடுங்கவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாய். "மூணு பாட்டில்ல சீட்டு வெள்ளையாயிடுச்சு டி. குப்பம், ஒடஞ்ச பாலம், எதிர்க்கர சீனிவாசபுரம், இந்த மூணுல எது எதுன்னு தெரியல."

"அய்யோ," என்றேன். "பேப்பர் சரியில்லையோ?"

கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. அப்புறம், "இருக்கும்," என்றாய். அப்புறம், "பாப்பா ஒதைக்கறாளா?" என்று கேட்டாய்.

மூன்று இடத்துக் கணக்கு உதைத்தால் ஒரு பருவத்துக் கணக்கே செல்லாது என்று சார் சொல்லிவிட்டார். அதே நீர்மட்டமும் அதே பருவமும் திரும்பி வர நீ ஒரு வருடம் காத்திருந்து மறுபடி தோண்டினாய். அதற்குள் தியா பிறந்துவிட்டாள். கோட்டூர்புரத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாய், நகக்கண்ணில் கறுப்புச் சேற்றோடு. கை கழுவிவிட்டு வா என்று நான் கத்துவேன். நான் ஒரு மணி நேரம் தோளில் போட்டுத் தட்டியும் தூங்காதவள், உன் மடியில் இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுவாள். நான் அவளுக்கு வெப்பமானியும் சத்துமாவும் ஊசி அட்டவணையும். நீ அவளுக்குக் கதை, புழு தோண்டுவதை நடித்துக் காட்டுகிற கதை. ஊசி போட்ட அன்று காய்ச்சலில் அவள் அழுதது அம்மா என்று இல்லை, "புழு சித்தி" என்று. அவளுக்குத் துணி நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டே உன்னை எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்புவாயா. மறுநாள் உனக்குப் பிடித்த வத்தக்குழம்பும் வைத்துக் கொடுத்தேன்.

போன மழைக்காலத்தில் டெங்கு. ஐந்தே நாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பினாய், மூச்சு வாங்கிக்கொண்டே: "நீ இங்க வராத. பாப்பா இருக்கா." நான் வரவில்லை. நீ சொன்னாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீ சொல்லாவிட்டாலும் பயந்துகொண்டு வீட்டிலேயேதான் இருந்திருப்பேன். அதையும் நீயே எனக்காகச் சொல்லிவிட்டாய்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாய், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வரவில்லை. அந்த நேரத்தில் போய்விட்டாய். உங்கள் தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் உன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்றுதான் இருந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிருந்தா டாக்டர்னு போட்டிருக்கலாமேடி," என்று அழுதார். அந்த ஒரு வருஷம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் மறைக்க இப்போது எதுவும் இல்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் போஸ்டரைப் படித்தபோது, துக்கத்துக்கு முன்னால், கண்ணிமைக்கிற நேரம், எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. நம் இரண்டு பேர் பெயருக்குப் பின்னாலும் ஒரே எழுத்துகள்.

புதன்கிழமை தியாவை ப்ளே ஸ்கூலில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். ஷாலினி மூன்று பாட்டில்களையும் ஜன்னல் ஓரம் வைத்திருந்தாள். பின்னால் வெளிச்சம் விழுந்ததும் பார்த்தேன். ஸ்பிரிட் லேசான நீலம். உள்ளே கிடந்த புழுக்களும் நீலம் பாரித்திருந்தன. என் பேனா எங்கேயும் போகவில்லை, நாலு வருடமாக அவற்றின் உடம்பில்தான் இருந்திருக்கிறது. தூக்கிப் போட மனசில்லாமல் நீ கடைசித் தட்டில் ஒளித்து வைத்திருந்தாய். அதற்கப்புறம் வந்த பெருமழையில் மணல்திட்டு இடம் மாறிவிட்டது, அந்த முகத்துவாரம் அப்படியே இனி வராது. இந்தப் புழுக்களை மறுபடி தோண்ட யாராலும் முடியாது.

தட்டில் ஊற்றி லென்ஸை எடுத்தேன். புழுக்களைப் பார்க்கவில்லை, குழாய்களைப் பார்த்தேன். முதல் பாட்டிலில் ஒன்று விடாமல் எல்லாக் குழாயிலும் செதில், பச்சை நூல், ஒன்றில் தெர்மாக்கோல் பொடி. தியா தூக்கிப் போட விடாத அதே வீடு. "இது குப்பம்," என்றேன்.

"வீட்டப் பாத்தே சொல்லிட்டீங்க," என்றாள் ஷாலினி. உன் மூன்றாம் அத்தியாயத்தை அவள் படித்திருக்கிறாள்.

மற்ற இரண்டும் கை கொடுக்கவில்லை. இரண்டிலும் கிளிஞ்சல், இரண்டிலும் வேர்த்துணுக்கு. பாலமும் சீனிவாசபுரமும் ஒரே வாயின் இரண்டு உதடுகள், ஒரே குப்பைதான் இரண்டு கரையிலும் ஒதுங்கும். ஒரு மணி நேரம் பார்த்தேன். என் கண் தோற்றது.

"ஏதாவது ஒண்ணு போட்டுடுங்கக்கா," என்றாள் ஷாலினி தணிந்த குரலில். "பாட்டில் பொழச்சா போதும். யாரு வந்து பாக்கப் போறா?"

"அவளுக்குப் பிடிக்காது."

"அதுவும் சரிதான். அக்காவுக்கு இந்த மூணு பாட்டில்னாலே ஒரு இது. நாங்க சேர்ந்த மொத நாளே எடுத்துக் காட்டுவாங்க. 'சோம்பேறித்தனமா பேனால எழுதிட்டேன், எனக்கு ஒரு வருஷம் போச்சு, நீங்களாவது பென்சில மறக்காதீங்க'ன்னு. அதனாலயே எங்க லேப்ல ஒருத்தி கைலயும் பேனா இருக்காது. எவ்ளோ பெரிய மனசு பாருங்க, தன் தப்ப எடுத்து வெச்சு க்ளாஸ் எடுத்தாங்க."

நான் லென்ஸைக் கீழே வைத்தேன்.

நீ கண்டுபிடித்திருக்கிறாய். பாட்டில் நீலமான அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாய். போனில் பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன முடிவு செய்தாய் என்று இப்போது புரிந்தது. சாரிடம், ஜூனியர்களிடம், எல்லோரிடமும் நீ எழுதினதாகச் சொல்லிவிட்டாய். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது அதே பழைய பொறாமைதான், முன்னைவிடச் சூடாக. என் கண்ணை எடுத்து அத்தியாயம் ஆக்கினாய். என் மகளுக்கு முதலில் நினைவு வருகிறவள் ஆனாய். கடைசியில் என் தப்பையும் எடுத்துக்கொண்டாய், அதற்கும் உனக்கு நல்ல பெயர்.

"அது அவ எழுதல," என்றேன். "நான் எழுதினேன்."

ஷாலினி என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "தெரியாமத்தானே அக்கா..."

"இல்ல. தெரிஞ்சுதான்."

வெளியே சொன்ன பிறகுதான் அதுதான் உண்மை என்று எனக்கே உறுதியானது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மேஜையிலிருந்த பென்சிலை என் பக்கம் மெல்ல உருட்டிவிட்டாள். "அப்ப அதையும் எழுதிடுங்க," என்றாள்.

பழைய சீட்டை எடுக்கக் கூடாது என்பது விதி. அது வெள்ளையாக இருந்தாலும் உள்ளேயே இருக்கும், புதியதைப் பக்கத்தில் போட வேண்டும். மூன்று சீட்டு எழுதினேன். ஒன்றில்: ஊரூர் குப்பம், குழாய் கொண்டு அறியப்பட்டது. மற்ற இரண்டில்: அடையாற்று முகத்துவாரம், எந்தக் கரை என்று தெரியவில்லை. தேதி உன் ஃபீல்டு நோட்டிலிருந்து. சேகரித்தவர், உன் பெயர். அதற்குக் கீழே, மூன்றிலும், கொம்பும் சுழியும் சரியாக விழ: பழைய சீட்டு மையால் எழுதப்பட்டு அழிந்தது, எழுதியவள். என் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினேன். சார் வந்து படித்தார், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "எடம் எழுதியிருக்குல்ல, வெச்சுக்கோங்க," என்று மட்டும் சொல்லிப் போனார். கரை தெரியாவிட்டாலும் ஆறு தெரிந்தால் போதுமாம். மூன்றும் புதிய கட்டடத்துக்குப் போகிற பெட்டியில் ஏறின.

நேற்று ஞாயிறு. சித்தி வீட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம், சித்திக்கு எடுத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கும் என்று தியாவைச் சம்மதிக்க வைத்துக் குப்பத்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். ஈர மணலில் குழாயை நட்டுவிட்டு அவள் சூரியனைப் பார்த்து உட்கார்ந்தாள், நிழல் பின்னால் விழுகிற மாதிரி. நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

கூடையோடு வந்த தேசம்மா அக்கா நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தியாவைத்தான் பார்த்தாள். "இன்னாமா, அந்தப் புழுப் பொண்ணு கொழந்தையா இது? அப்டியே அது மாரியே குந்திக்கினு கீது."

"இல்லக்கா. என் பொண்ணு," என்றேன், வேகமாக. அதோடு நிறுத்தியிருப்பேன். கொஞ்சம் தாமதித்துத்தான் அடுத்தது வந்தது. "அவகிட்ட கத்துக்கிட்டா."

"அதான பாத்தேன்," என்றாள் அக்கா. கூடையை இறக்கித் தியாவின் பக்கத்தில் குந்திக்கொண்டாள், தன் நிழலையும் பின்னால் தள்ளிக்கொண்டு.

இப்போது என் கைப்பையில் ஒரு பென்சிலும் துருவியும் இருக்கின்றன. பேனாவும் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது, அது போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன். தியா புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது, எழுந்ததும் உன்னைப் பற்றித்தான் ஏதாவது கேட்பாள், நானும் சொல்லுவேன். அவளை வேண்டுமானால் பாதி எடுத்துக்கொள். அந்த மூன்று சீட்டும் என்னுடையவை.